பழைய ரேமுடன் இன்னொன்றா, புதிய ஜோடியா?

டெஸ்க்டாப் கணினியில் ரேமைக் கூட்ட முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்த கம்பெனி ரேம் நல்லது?" என்பதுதான். அதைக் கடைசியில் கேட்டால் போதும். அதற்கு முன் தீர்க்க வேண்டியது வேறு. இருக்கிற ரேமை அப்படியே வைத்துப் பக்கத்தில் இன்னொன்றைச் சேர்ப்பதா? பழையதைக் கழற்றிவிட்டு, ஒரே பெட்டியில் வரும் ஜோடியைப் போடுவதா? அளவைக் கூட்டாமல் வேகமான ரேமுக்கு மாறுவதா? மதர்போர்டையும் பிராசசரையும் சேர்த்து மாற்றி அடுத்த தலைமுறைக்கே போய்விடுவதா?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் அளவு, அடுத்து இரண்டு சேனல் (ரேமுக்கும் பிராசசருக்கும் இடையே ஒன்றுக்குப் பதில் இரண்டு பாதை), அதன் பிறகுதான் வேகம். இந்த வரிசையைப் புரட்டிப் போட்டுப் பணத்தைச் செலவழித்துவிட்டு, "ஒன்றும் மாறவில்லையே" என்று சோர்ந்துபோகிறவர்கள் நிறைய. ஒரு ரேம் போதாததால் நல்ல கணினி ஒன்று மூலையில் முடங்குவதைப் பார்த்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. பொருந்தாத ரேமை வாங்கிவிட்டு, கணினியே கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுவது அதைவிட வருத்தம்.

ரேம்தான் குறையா?

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைச் சொடுக்குங்கள். எண்பது சதவீதம் என்று காட்டினாலே பதற வேண்டியதில்லை. ரேம் தாராளமாக இருந்தால் பிரவுசர் போன்ற மென்பொருள்கள் தாராளமாகவே எடுத்துக்கொள்ளும். நெருக்கடி வந்தால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். பார்க்க வேண்டியது 'கமிட்டெட்' என்ற இடத்தில் உள்ள இரண்டு எண்களில் முதலாவதை. நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலைகளைத் திறந்துவைத்த நிலையில் அந்த எண் உங்கள் ரேமின் அளவைத் தாண்டி நிற்கிறதா, ஒரு ஜன்னலிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது டிஸ்க் திணறுகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் ரேம் போதவில்லை. லினக்ஸில் 'ஃப்ரீ' கட்டளை தரும் 'அவைலபிள்' எண்ணும், ஸ்வாப் (ரேம் போதாதபோது டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) ஏறிக்கொண்டே போகிறதா என்பதும் அதே தகவலைத் தரும்.

ரேம் பாதி காலியாக இருந்தும் கணினி தவழ்ந்தால், உள்ளே பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பணத்தை எஸ்எஸ்டிக்குக் கொடுங்கள். ரேமைப் பற்றிய கட்டுரையில் இதை எழுதாமல் விட்டால் அது நேர்மையாக இருக்காது. இயங்குதளம் 32 பிட் வகையாக இருந்தாலும் ரேம் வாங்குவதில் பயனில்லை. விண்டோஸின் வழக்கமான 32 பிட் பதிப்புகள் 4 ஜிபிக்கு மேல் கண்டுகொள்ளாது.

மதர்போர்டு எதை ஏற்கும்

ரேமின் தலைமுறைகளை டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்று எண்ணிட்டு அழைப்பார்கள். டிடிஆர்3 சந்தைக்கு வந்தது 2007இல். டிடிஆர்4 டெஸ்க்டாப்களுக்கு வந்தது 2014இல். டிடிஆர்5இன் தரவரையறையை, ரேம் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பு 2020இல் வெளியிட்டது. இன்டெலின் பன்னிரண்டாம் தலைமுறை பிராசசர்களுடன் அது 2021 இறுதியில் கைக்கு வந்தது. ஒன்று இருக்கும் இடத்தில் இன்னொன்று போகாது. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்கள்தான் என்றாலும் கீழ் விளிம்பில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். மின்னழுத்தமும் வேறு: டிடிஆர்3க்கு 1.5 வோல்ட், டிடிஆர்4க்கு 1.2, டிடிஆர்5க்கு 1.1.

பிராசசர் உட்காரும் சாக்கெட்டின் பெயரால் போர்டுகளை அழைப்பது வழக்கம். ஏஎம்டியின் ஏஎம்4 போர்டுகள் டிடிஆர்4 மட்டும். 2022இல் வந்த ஏஎம்5 போர்டுகள் டிடிஆர்5 மட்டும். குழப்பம் இன்டெலின் எல்ஜிஏ1700 போர்டுகளில்தான். பன்னிரண்டு முதல் பதினான்காம் தலைமுறை வரையிலான பிராசசர்கள் இரண்டு வகை ரேமையும் ஏற்கும். ஆனால் ஒரு போர்டு, மிக அரிதான சிலவற்றைத் தவிர, அவற்றில் ஒன்றுக்குத்தான் செய்யப்பட்டிருக்கும். கிட்டத்தட்ட ஒரே பெயரில் டிடிஆர்4 போர்டும் டிடிஆர்5 போர்டும் விற்கப்பட்டன. பிராசசரின் பெயரை மட்டும் சொல்லி ரேம் வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். போர்டின் முழுப் பெயரைக் கடைசி எழுத்து வரை குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது உச்சவரம்பு. இரண்டாம் முதல் நான்காம் தலைமுறை வரையிலான வழக்கமான இன்டெல் கோர் டெஸ்க்டாப் பிராசசர்களில் டிடிஆர்3 ஸ்டிக் (ஸ்லாட்டில் செருகும் ஒரு ரேம் பலகை) ஒன்று 8 ஜிபிக்கு மேல் போகக் கூடாது. நான்கு ஸ்லாட் இருந்தால் மொத்தம் 32 ஜிபி, இரண்டே இருந்தால் 16. ஆறாம், ஏழாம் தலைமுறைக்கு 64 ஜிபி. போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கான பக்கத்தில் இந்த எண்ணும், சோதித்துப் பார்த்த ரேம்களின் பட்டியலும் இருக்கும். பட்டியலில் இல்லாத ரேம் வேலை செய்யாது என்று பொருளில்லை. அவர்கள் சோதிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் நான்கு ஸ்லாட்டையும் நிரப்பப் போகிறீர்கள் என்றால் அந்தப் பட்டியலை மதித்து நடப்பது நல்லது.

டிடிஆர்3 கணினி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. வியக்கத்தக்க மலிவு விலையில், 'ஏஎம்டிக்கு மட்டும்' என்ற குறிப்போடு 8 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக்குகள் கிடைக்கின்றன. இவற்றில் சிப்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையை இன்டெலின் கட்டுப்பாட்டகம் புரிந்துகொள்ளாது. ஸ்டிக் கெட்டதாக இருக்காது, உங்கள் கணினிக்கு ஆகாததாக இருக்கும். சில கணினிகள் 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வகையை மட்டும் கேட்கும். பொதுவாக, டிடிஆர்3எல் சாதாரண டிடிஆர்3 போர்டிலும் ஓடிவிடும். டிடிஆர்3எல் கேட்கும் கணினியில் சாதாரண டிடிஆர்3 ஓடும் என்று நம்ப முடியாது. சந்தேகம் இருந்தால் டிடிஆர்3எல் வாங்குவதே பத்திரம்.

லேபிளைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

கணினியைத் திறந்து, இருக்கிற ஸ்டிக்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். அதில் இப்படி ஒரு வரி இருக்கலாம்: '8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-3200ஏஏ-யுஏ2-11'. முதலில் அளவு. '1ஆர்' என்றால் ஒற்றை ரேங்க், அதாவது பிராசசர் ஒரே அழைப்பில் சேர்த்துப் பேசும் சிப்கள் ஒரு தொகுதிதான் இருக்கின்றன. '2ஆர்' என்றால் இரண்டு தொகுதி. 'எக்ஸ்8' என்பது ஒவ்வொரு சிப்பும் எட்டு பிட் அகலம் என்பதைச் சொல்கிறது. 'பிசி4' டிடிஆர்4ஐக் குறிக்கிறது. 3200 வேகம். 'ஏஏ' தாமத வகுப்பு. அடுத்து வரும் 'யு' மிக முக்கியம்: சாதாரண டெஸ்க்டாப் ரேம் என்று பொருள். அந்த இடத்தில் 'ஆர்' இருந்தால் அது சர்வருக்கான ரிஜிஸ்டர்டு ரேம். 'எஸ்' இருந்தால் மடிக்கணினிக்கான சிறிய வகை.

பழைய சர்வர்களிலிருந்து கழற்றிய டிடிஆர்4 ரேம் மலிவாகக் கிடைக்கிறது. அது டெஸ்க்டாப் ஸ்லாட்டில் அச்சு அசலாகப் போய் உட்காரும், கணினி மட்டும் எழுந்திருக்காது. வெட்டு ஒரே இடத்தில் இருப்பதால் கை ஏமாந்துவிடும். லேபிளில் உள்ள அந்த ஒற்றை எழுத்துதான் காப்பாற்றும். மினி கணினிகளிலும் கணினித் திரையோடு ஒன்றாக வரும் வகைகளிலும் பெரும்பாலும் மடிக்கணினி ரேம்தான் இருக்கும்; மேஜையில் இருப்பதாலேயே டெஸ்க்டாப் ரேம் என்று எண்ணிவிடக் கூடாது.

இன்னொரு குழப்பம்: சில லேபிள்கள் பிசி4-3200 என்கின்றன, சில பிசி4-25600 என்கின்றன. இரண்டும் ஒன்றே. ஒரு வினாடிக்கு 3200 மில்லியன் முறை, ஒவ்வொரு முறையும் 8 பைட். பெருக்கினால் 25600 மெகாபைட். சிபியு-இசட் மென்பொருள் 1600 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டினாலும் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று எண்ண வேண்டாம். கடிகாரத்தின் ஒவ்வொரு துடிப்பிலும் இரண்டு முறை தரவு போவதால் அதுவே 3200 ஆகிறது.

சேர்ப்பதா, மாற்றுவதா

இனி உண்மையான தேர்வு. கணினியில் 8 ஜிபி ஸ்டிக் ஒன்று இருக்கிறது, 16 ஆக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு 8 ஜிபியைச் சேர்க்கலாம். அல்லது இரண்டு 8 ஜிபி கொண்ட ஜோடியை வாங்கிப் பழையதை ஓரம் வைக்கலாம். முதல் வழியில் செலவு பாதி. இரண்டாவதில் நிம்மதி அதிகம்.

கலப்பது பாவம் என்று சிலர் பேசுவதை நான் ஏற்கவில்லை. ஒவ்வொரு ஸ்டிக்கிலும் ஒரு சிறிய சிப் தன் வேகங்களையும் தாமதங்களையும் எழுதிவைத்திருக்கிறது. கணினி எழும்போது பயாஸ் (மதர்போர்டில் இருக்கும் அடிப்படை மென்பொருள்) அதைப் படித்து, எல்லா ஸ்டிக்குகளுக்கும் ஒத்துவரும் ஓர் அமைப்பைத் தேர்ந்தெடுக்கிறது. 2666இல் ஓடும் பழைய ஸ்டிக்கின் பக்கத்தில் 3200 ஸ்டிக்கைப் போட்டால் இரண்டும் 2666இல் ஓடும். ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகளில் மெதுவாக நடப்பதன் வேகம்தான் வண்டியின் வேகம். ஜெடெக் தரத்துக்கு உட்பட்ட சாதாரண ரேம்களைச் சாதாரண வேகத்தில் ஓட்டும்வரை இந்தக் கலப்பு பெரும்பாலும் தொல்லை தராது.

தொல்லை ஆரம்பிப்பது எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை இயக்கும்போது. இவை ஜெடெக் தரத்துக்கு மேலே தயாரிப்பாளர் எழுதிவைத்த வேக அமைப்புகள். எக்ஸ்எம்பி இன்டெல் கொண்டுவந்தது, எக்ஸ்போ ஏஎம்டியுடையது. டிடிஆர்4இல் எக்ஸ்எம்பி பெரும்பாலும் 1.2க்குப் பதில் 1.35 வோல்ட் கேட்கும். வெவ்வேறு தயாரிப்பாளர்களின் இரண்டு ஸ்டிக்குகளை வைத்துக்கொண்டு இதை இயக்கினால், ஒரு ஸ்டிக்குக்காக எழுதிய அமைப்பை மற்றதும் தாங்க வேண்டியிருக்கிறது. தாங்கலாம், தாங்காமலும் போகலாம். எழவே எழாத கணினியாவது பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். மூன்று நாட்களுக்கு ஒருமுறை நீலத்திரை காட்டுகிற கணினி, சேமித்த கோப்பில் ஓர் எழுத்தை ஓசையில்லாமல் மாற்றிவைக்கிற கணினி, இவைதான் ஆபத்து. கணக்குப் புத்தகமோ, குடும்பப் படங்களோ, ஆய்வேட்டின் ஒரே பிரதியோ உள்ளே இருக்கும் கணினியில் இந்தச் சோதனை வேண்டாம் என்பேன்.

ஆகவே பகுத்துப் பார்க்கிறேன். இருக்கிற ஸ்டிக் எக்ஸ்எம்பி இல்லாத சாதாரண வகை, அதே அளவு, அதே வேகம், அதே ரேங்க் கொண்ட இன்னொன்று கிடைக்கிறது என்றால் தயங்காமல் சேர்க்கலாம். கம்பெனி ஒன்றாக இருந்தால் நல்லது, கட்டாயமில்லை. ஒரே கம்பெனி, ஒரே மாடல் எண் என்பதும் முழு உத்தரவாதமல்ல. அதே எண்ணின் கீழ், வாங்கும் காலத்தைப் பொறுத்து, உள்ளே வேறு சிப்கள் வைக்கப்படுவது உண்டு. ஜோடியாக விற்கப்படும் பெட்டிக்கு இருக்கும் மதிப்பு இதுதான்: அந்த இரண்டையும் சேர்த்து, குறிப்பிட்ட வேகத்தில் ஓடும் என்று தயாரிப்பாளர் பொறுப்பேற்கிறார். அதே காரணத்தால், தனித்தனியாக வாங்கிய இரண்டு ஜோடிப் பெட்டிகள் நான்கு கொண்ட ஒரு பெட்டிக்குச் சமமாகாது.

இருப்பது எக்ஸ்எம்பி ரேம், அதன் வேகத்தையும் விட மனமில்லை, அல்லது இரண்டே ஸ்லாட்டும் சிறிய ஸ்டிக்குகளால் நிரம்பிவிட்டது என்றால் புதிய ஜோடிதான் சரி. இரண்டு 4 ஜிபிகள் உட்கார்ந்திருக்கும் இரண்டு ஸ்லாட் போர்டில் ஒன்றை மட்டும் கழற்றி 8 ஜிபி போடுவது மிச்சம் பிடிப்பதுபோலத் தெரியும், அடுத்த வருடம் அந்த 4 ஜிபியும் வெளியே வரும்.

சமமில்லாத அளவுகளைப் பற்றியும் பயம் அதிகம். 8 ஜிபியும் 16 ஜிபியும் சேர்ந்து 24 ஜிபியாக ஓடும். ஒவ்வொன்றிலிருந்தும் 8 ஜிபி இரட்டைச் சேனலில் இயங்கும். மீதி 8 ஜிபி ஒற்றைச் சேனலில் இயங்கும். ரேம் போதாமல் டிஸ்க்குக்கு ஓடுவதோடு ஒப்பிட்டால் அந்த ஒற்றைச் சேனல் பகுதியும் மின்னல்தான். கையில் இருக்கும் 8 ஜிபியை வீணாக்க மனமில்லாதவர்கள் 16ஐச் சேர்த்துக்கொள்வதில் தவறில்லை.

இரட்டைச் சேனல் என்று ஏன் இவ்வளவு சொல்கிறேன்? டிடிஆர்4-3200 ஒற்றை ஸ்டிக்கில் வினாடிக்கு 25.6 ஜிபி பாதை. இரண்டு சேனலிலும் ஒவ்வொன்று இருந்தால் 51.2. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் பிராசசருக்குள்ளேயே உள்ள கிராபிக்ஸை நம்பும் கணினியில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும், ஏனென்றால் அந்த கிராபிக்ஸுக்கு வேறு நினைவகம் கிடையாது. அப்படிப்பட்ட கணினிக்கு ஒற்றை 16ஐவிட இரண்டு 8 மேல். நாளைக்கு இன்னொன்றைச் சேர்ப்பேன் என்று ஒற்றை 16ஐ வாங்கியவர்களில் பலர் அந்த நாளைக்கை எட்டுவதே இல்லை.

நான்கு ஸ்லாட் இருப்பதால் நான்கையும் நிரப்பியே ஆக வேண்டும் என்பதுமில்லை. டிடிஆர்4இல் நான்கு ஸ்டிக் பெரிய பிரச்சினை அல்ல. டிடிஆர்5இல் நிலைமை வேறு. ரைசன் 7000 பிராசசர்களுக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம், இரண்டு ஸ்டிக்குகளுடன் 5200; நான்கானால் 3600. டிடிஆர்5 வாங்குகிறவர்கள் எதிர்காலத்தில் எவ்வளவு தேவைப்படும் என்பதை இன்றே எண்ணி, அதை இரண்டு பெரிய ஸ்டிக்குகளிலேயே முடித்துக்கொள்வது உத்தமம். 2023இல் வரத் தொடங்கிய 24, 48 ஜிபி ஸ்டிக்குகள் இதற்குக் கைகொடுக்கின்றன. பழைய பயாஸ் அவற்றை அடையாளம் காணாது, முதலில் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். 8 ஜிபி டிடிஆர்5 ஸ்டிக்குகளை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். அவை பெரும்பாலும் 'எக்ஸ்16' சிப்கள் நான்கை வைத்துச் செய்யப்படுகின்றன. ஒரே நேரத்தில் திறந்துவைக்கக்கூடிய பகுதிகள் குறைவு என்பதால் 16 ஜிபி ஸ்டிக்கைவிடச் செயல்திறனும் குறைவு.

வேகத்துக்குக் கொடுக்கும் பணம்

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாற்றம்தான். கூடவே 'சிஎல்' என்று ஓர் எண் இருக்கும். தரவைக் கேட்டதற்கும் அது கிடைக்கத் தொடங்குவதற்கும் இடையே எத்தனை கடிகாரத் துடிப்புகள் என்பது அது. சிஎல் எண்ணை 2000ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் நானோ வினாடியில் காத்திருப்பு நேரம் வரும். 3200 சிஎல்16க்கு 10 நானோ வினாடி. 3600 சிஎல்18க்கும் 10தான். டிடிஆர்5-6000 சிஎல்30க்கும் அதே 10. டிடிஆர்5-4800 சிஎல்40க்கோ 16.7 ஆகிறது. டிடிஆர்3-1600 சிஎல்11க்கும், சாதாரண டிடிஆர்4-3200 சிஎல்22க்கும் ஒரே 13.75 வருவதைப் பாருங்கள். தலைமுறைகள் மாறும்போது பாதை அகலமாகிறது. காத்திருப்பு பெரிதாகக் குறைவதில்லை. ஆவணம், பிரவுசர், நிரல் எழுதுதல் என்று வேலை செய்பவர்களுக்கு வேகமான ரேமின் பலன் உணரும் அளவுக்கு இருக்காது. அந்தப் பணத்தை 16க்குப் பதில் 32 வாங்கப் போட்டால் வருடக்கணக்கில் பலன் தரும்.

கொடுத்த வேகத்தைக் கணினி பயன்படுத்திக்கொள்ள முடியுமா என்பது தனிக் கேள்வி. எட்டாம் தலைமுறை கோர் ஐ5ஐ பி360 போர்டில் வைத்திருப்பவர் 3600 வாங்கினாலும் அது 2666ஐத் தாண்டாது. அந்த போர்டு அதற்கு மேல் அனுமதிப்பதில்லை. பெரிய நிறுவனங்கள் தயாராகக் கட்டி விற்கும் டெஸ்க்டாப்களில் பலவற்றின் பயாஸில் எக்ஸ்எம்பி என்ற வசதியே இருக்காது. அங்கே ஒரு விசித்திரம் நடக்கிறது. எக்ஸ்எம்பியில் 3200 என்று விற்கப்படும் பல ஸ்டிக்குகளுக்கு அடிப்படை ஜெடெக் வேகம் 2133 அல்லது 2400தான். எக்ஸ்எம்பி இல்லாத கணினியில் அவை அந்த அடிப்படை வேகத்திலேயே ஓடும். அலங்காரம் எதுவும் இல்லாத, பச்சைப் பலகையோடு வரும் சாதாரண 3200 ஸ்டிக் அதே கணினியில், பிராசசர் அனுமதித்தால், முழு 3200இல் ஓடும். அதிகப் பணம் கொடுத்து மெதுவான ரேம்! தயாராக வாங்கிய டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் 'ஜெடெக் 3200, 1.2 வோல்ட்' என்று எழுதியதைத் தேடி வாங்குங்கள். விளக்கு எரிகிற ரேமுக்குப் போக வேண்டாம்.

நீங்களே பாகம் பாகமாகக் கட்டிய கணினி, போட்டி விளையாட்டுகள், கொஞ்சம் பொறுமை இவை மூன்றும் இருந்தால் நல்ல வேக ரேம் வாங்குவதில் நியாயம் உண்டு. ரைசன் 5000க்கு 3600 சிஎல்16 அல்லது 18, ரைசன் 7000க்கு 6000 சிஎல்30 என்பவை பலரும் ஓட்டிப்பார்த்து நிலைத்த தேர்வுகள். உயரமான வெப்பக்கவசம் கொண்ட ரேம், பிராசசர் கூலரின் விசிறியில் இடிக்கிறதா என்று அளந்துவிடுங்கள்.

இசிசி ரேம் பற்றிச் சுருக்கமாக. பிழையைத் தானே திருத்தும் அந்த வகை ஏஎம்4இல் பல ரைசன் பிராசசர்களுடனும், இன்டெல் பன்னிரண்டாம் தலைமுறை முதல் டபிள்யு680 போன்ற பணிநிலைய போர்டுகளிலும் வேலை செய்யும். டிடிஆர்5இல் எல்லாச் சிப்களுக்குள்ளும் பிழைதிருத்தம் இருக்கிறதே என்பார்கள். அது சிப்பின் உள்ளே நிகழும் பிழைகளை மட்டும் பார்க்கும், சிப்பிலிருந்து பிராசசருக்குப் போகும் வழியில் நேர்வதைப் பார்க்காது.

மதர்போர்டையே மாற்றுவது

ரேம் போதவில்லை என்பது மட்டுமே குறையென்றால் டிடிஆர்4இலிருந்து டிடிஆர்5க்குத் தாவ வேண்டாம். பழைய ரேமை எடுத்துப்போக முடியாது, மதர்போர்டு மாறும், பெரும்பாலும் பிராசசரும் மாறும். பிராசசரே போதவில்லை என்றால் மட்டும் அந்தப் பேச்சு. டிடிஆர்3 கணினியில் 16 ஜிபியைத் தாண்ட வேண்டும் என்பவர் ஒருமுறை நின்று யோசிக்கலாம். 8லிருந்து 16க்கு என்றால் ரேமைச் சேர்த்து இன்னும் சில வருடம் ஓட்டலாம் என்பது என் பக்கம்.

பொருத்தும்போது

பயாஸ் புதுப்பிக்க வேண்டியிருந்தால் பழைய ரேம் இருக்கும்போதே செய்யுங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இயங்கும் கணினியானால் மீட்புச் சாவியை முன்கூட்டியே வெளியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பயாஸ் மாறியபின் அது கேட்கப்படலாம். விண்டோஸை அணைக்கும்போது ஷிப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு அணைத்தால் அரைத்தூக்கத்தில் போகாமல் முழுதாக அணையும்.

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பவர் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும். கேபினட்டைப் படுக்கவைத்து, அதன் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஸ்டிக்கை விளிம்பில் பிடியுங்கள், தங்கப் பற்களில் விரல் பட வேண்டாம். அழுக்கான பற்களை அழிப்பானால் தேய்க்கும் பழக்கம் எங்கும் இருக்கிறது. அது மெல்லிய தங்கப் பூச்சை அரிக்கும், துகள்களையும் விட்டுப்போகும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய துணி போதும்.

நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ஸ்டிக்குகளைப் போடும் இடம் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். ஏ2, பி2 என்று பலகையில் அச்சாகியிருக்கும். அடுத்தடுத்துப் போட்டால் பல போர்டுகளில் இரண்டும் ஒரே சேனலில் விழுந்துவிடும். உங்கள் போர்டின் கையேட்டில் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஸ்லாட்டின் காதுகளைத் திறங்கள். சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் காது இருக்கும், மறுபக்கம் அசையாது. உடைந்துவிட்டது என்று நெம்ப வேண்டாம். ஸ்டிக்கின் வெட்டு நடுவில் இருக்காது, ஒரு பக்கம் கொஞ்சம் தள்ளியிருக்கும். ஸ்லாட்டில் உள்ள மேட்டோடு பொருந்துகிறதா என்று அழுத்துவதற்கு முன் பாருங்கள். செங்குத்தாக நிறுத்தி, இரண்டு முனைகளிலும் கட்டைவிரலை வைத்து, முதலில் ஒரு முனை, பிறகு மறுமுனை என்று அழுத்துங்கள். 'டக்' என்று சத்தம் கேட்டு, காது தானாக எழுந்து ஸ்டிக்கின் பள்ளத்தைக் கவ்வ வேண்டும். முதல்முறை செய்பவர்கள் எதிர்பார்ப்பதைவிட அதிக அழுத்தம் தேவைப்படும். அரைகுறையாக உட்கார்ந்த ஸ்டிக்தான் 'புது ரேம் வேலை செய்யவில்லை' என்ற புகார்களில் பெரும்பகுதிக்குக் காரணம்.

இயக்கியதும் திரை இருட்டாக இருந்தால் உடனே அணைக்காதீர்கள். டிடிஆர்5 கணினிகள் முதல்முறை புதிய ரேமைப் பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அப்போது மின்சாரத்தைத் துண்டித்தால் பழக்கம் முதலிலிருந்து தொடங்கும். நெடுநேரம் ஆகியும் எழவில்லை என்றால், ஒரு ஸ்டிக்கை மட்டும் ஏ2வில் வைத்து முயலுங்கள், பிறகு மற்றதை. பயாஸ் அமைப்புகளை அழிப்பதற்கான வழி கையேட்டில் இருக்கும்.

எழுந்தபின் பயாஸில் மொத்த அளவு சரியா, இரண்டு சேனலும் தெரிகிறதா என்று பாருங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் 'ஹார்ட்வேர் ரிசர்வ்டு' என்று பல ஜிபியைக் காட்டினால் பெரும்பாலும் ஒரு ஸ்டிக் சரியாக உட்காரவில்லை. இல்லையென்றால் விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் என்ற அமைப்புப் பகுதியில் யாரோ அதிகபட்ச நினைவகத்துக்கு வரம்பு போட்டிருப்பார்கள்.

எக்ஸ்எம்பியை இன்னும் தொடாதீர்கள். முதலில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளை ஒரு பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து கணினியை எழுப்பி, ஒரு முழுச் சுற்றாவது ஓடவிடுங்கள். இரவு முழுக்க ஓடவிட முடிந்தால் இன்னும் நல்லது. அது இலவசம். பிழை ஒன்றுகூடக் கூடாது. பத்தாயிரத்தில் ஒன்றுதானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள ரேமில் இடமில்லை, அந்த ஒன்று எந்தக் கோப்பில் விழும் என்று யாருக்கும் தெரியாது. சாதாரண வேகத்தில் தேறியபின் எக்ஸ்எம்பியை இயக்கி, அதே சோதனையை மறுபடி ஓட்டுங்கள். இப்போது மட்டும் பிழை வந்தால் வேகத்தை ஒரு படி குறைத்துப் பாருங்கள். சாதாரண வேகத்திலேயே பிழை வந்தால் ஸ்டிக்குகளை ஒவ்வொன்றாக, ஒரே ஸ்லாட்டில் வைத்துச் சோதியுங்கள். எது கெட்டது, அல்லது ஸ்லாட்டே கெட்டதா என்பது வெளிச்சமாகும். ஜோடியில் ஒன்று கெட்டிருந்தாலும் இரண்டையும் சேர்த்தே திருப்பிக் கொடுத்து மாற்றுங்கள்.

கழற்றிய பழைய ஸ்டிக்குகளை இந்தச் சோதனைகள் முடியும்வரை விற்கவோ கொடுக்கவோ வேண்டாம். புதியதில் கோளாறு தெரிந்தால், குறை ரேமிலா போர்டிலா என்று பிரித்துப் பார்க்க, வேலை செய்ததாக நிச்சயமாகத் தெரிந்த ஸ்டிக் அவை மட்டும்தான்.